'மெக்' என்றால் மகன்: ஸ்காட்லாந்துக் குலச் சங்கங்களும் ஒரே பெயரின் பல எழுத்துகளும்

கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் இருந்த 'மெக்கரி' உணவகத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 1999இல் தொடங்கப்பட்ட கடை அது. 2001இல் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் அதன் மீது வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸின் மனுவைத் தள்ளுபடி செய்ய, சிறிய கறிக்கடை ஒன்று உலகப் பெருநிறுவனத்தை வென்ற செய்தி எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. 'மெக்' என்ற முன்னொட்டுக்கு ஒரு நிறுவனம் மட்டும் ஏகபோக உரிமை கொண்டாட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 'மலேசியன் சிக்கன் கறி' என்பதன் சுருக்கமே தங்கள் கடைப் பெயர் என்று உரிமையாளர் தரப்பு சொல்லி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'மெக்கரி' என்பது ஸ்காட்லாந்தில் உண்மையிலேயே வழங்கும் ஒரு குடும்பப் பெயர். அந்தப் பெயரின் வேரைத் தேடிப்போனால், தலைமுறை தலைமுறையாகப் பாடல் புனைந்து வாழ்ந்த ஒரு புலவர் குடும்பத்தில் போய் நிற்போம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் 'மெக்' என்ன என்று பார்த்துவிடலாம். கேமரன் மலை, ஃபிரேசர் மலை, சைம் டார்பி, கத்ரி என்று ஸ்காட்லாந்துப் பெயர்களைத் தினமும் உச்சரித்து வாழ்கிற நமக்கு அந்தப் பெயர்களின் கதை அவ்வளவு அந்நியமானதல்ல.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் வழங்கிய மொழி கேலிக். அந்த மொழியில் 'மக்' என்றால் மகன். மக்டோனல்ட் என்றால் டோனல்டின் மகன். நம் அடையாளக் கார்டில் உள்ள 'ஏ/எல்' என்பதற்கு நேர்ச்சொல் என்றே வைத்துக்கொள்ளலாம். 'ஏ/பி'க்கும் அங்கே ஒரு சொல் உண்டு: 'நிக்'. அண்ணன் மக்டோனல்ட் என்றால், கேலிக் பேசும் வீட்டில் தங்கை நிக்டோனல்ட். ஆங்கிலப் பதிவேடு வந்தபோது 'நிக்' அடிபட்டுப் போய், பெண்களும் ஏட்டில் 'டோனல்டின் மகன்' ஆகிவிட்டார்கள்.

'மக்' என்பதும் 'மகன்' என்பதும் ஒன்றுபோல ஒலிக்கின்றனவே, அது தமிழிலிருந்து போனதோ என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் படித்தவள் என்பதால் என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. 'மக்' கெல்ட்டிய மொழிக் குடும்பத்துச் சொல். அயர்லாந்தில் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே அதன் பழைய வடிவம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. வேல்ஸ் மொழியில் அதே சொல் 'மாப்' ஆகி, 'ஆப்' என்று தேய்ந்தது. 'ஆப் ரீஸ்' என்ற பெயர்தான் பின்னால் 'பிரைஸ்' ஆனது. தமிழ் 'மகன்' வேறு மரத்தின் கிளை. ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான்.

இந்தப் 'மக்'கை எழுதும் முறையில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. எம்-ஏ-சி என்று மூன்றெழுத்தில் எழுதுவோர் உண்டு. எம்-சி என்று இரண்டெழுத்தில் எழுதுவோர் உண்டு. எம் போட்டு அதன் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறி மட்டும் போட்ட பழைய அச்சுப் புத்தகங்களும் உண்டு. மூன்றெழுத்து என்றால் ஸ்காட்லாந்து, இரண்டெழுத்து என்றால் அயர்லாந்து என்று ஒரு நம்பிக்கை உலகம் முழுதும் பரவியிருக்கிறது. சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ஒன்று புரோட்டஸ்டண்ட், மற்றது கத்தோலிக்கர் என்பார்கள். இரண்டுமே தவறு. எம்-சி என்பது எழுத்தர் கையைச் சுருக்கிக்கொண்டதால் வந்த வடிவம், அவ்வளவே. 'திருமதி' என்பதைத் 'திருமதி' என்றும் 'தி' என்றும் எழுதுவது போன்றது. ஒரே ஆளின் பெயர் ஒரே ஏட்டில் இரண்டு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும்.

காதில் விழுந்தபடி

கேலிக் மொழியிலும் நம் புணர்ச்சி போல ஒன்று உண்டு. 'மக்' என்ற சொல்லுக்குப் பின் வரும் பெயரின் முதல் மெய் மென்மையாகிவிடும். டோனல்ட் என்ற பெயரின் டகரம் தேய்ந்து, தொண்டையிலிருந்து வரும் ககரம் போன்ற ஒலியாகும். ஆகவே கேலிக் பேசுபவர் வாயில் அந்தப் பெயர் 'மக்கோனில்' என்பதற்கு நெருங்கி ஒலிக்கும். இப்போது ஆங்கிலம் மட்டும் அறிந்த ஓர் எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்து நிற்பவர் தன் பெயரைச் சொல்கிறார். பொருள் தெரிந்த எழுத்தர் 'மக்டோனல்ட்' என்று எழுதுவார். பொருள் தெரியாமல் காதை நம்பியவர் 'மெக்கோனல்' என்று எழுதுவார். இரண்டும் இன்று இரண்டு தனிக் குடும்பப் பெயர்கள். கிளென்கேரி கிளையினர் 'மக்டோனெல்' என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்தின் டோனல்ட் குலம் இவர்கள் எல்லாரையும் தன் பிள்ளைகளாகவே எண்ணுகிறது.

'மக் அன் ட்சேர்' என்றால் தச்சர் மகன். நம் வழக்கில் ஆசாரி மகன். அது மெக்கின்டயர் ஆனது, மெக்கென்டயர் ஆனது, மெக்டியர் ஆனது. சில குடும்பங்கள் 'மக்'கையே உதறிவிட்டு டயர் என்று மட்டும் வைத்துக்கொண்டன. இன்னும் சிலர் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ரைட் ஆகிவிட்டார்கள். மக்ஃபர்சன் என்றால் பங்குக்குருவின் மகன், மக்நாப் என்றால் மடாதிபதியின் மகன். குருவுக்கு ஏது மகன் என்று கேட்கக்கூடாது. பழைய கெல்ட்டியத் திருச்சபையில் குருமார் மணம் செய்துகொள்வது வழக்கமாக இருந்தது.

இனி மெக்கரி கதை. 13ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்து வந்து வாழ்ந்த புலவர் ஒருவர் பெயர் முர்யெதக். அவர் வழிவந்தவர்கள் மக்வூரிக் எனப்பட்டார்கள். தீவுகளை ஆண்ட டோனல்ட் குலத் தலைவர்களுக்கு இவர்கள்தான் பரம்பரைப் புலவர்கள். வாழ்த்துப் பாடுவது, இரங்கல் பாடுவது, குல வரலாற்றைக் காப்பது எல்லாம் இவர்கள் வேலை. 18ஆம் நூற்றாண்டு வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு இந்தத் தொழில் ஒரே குடும்பத்தில் நீடித்திருக்கிறது. சங்கப் புலவர்களையும் புரவலர்களையும் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நம் பாணர் மரபில் ஒரு குடும்பத்தையாவது இப்படித் தொடர்ச்சியாகப் பெயர் சொல்லி எண்ண முடிகிறதா? அந்த மக்வூரிக்கின் வகரம் ஆங்கில எழுத்தர் காதில் விழாமல் போய், 'மக்கூரி' ஆகி, 'மக்கரி' ஆகி, கடைசியில் 'மக்' போய் 'கரி' மட்டும் நின்றது. கரி என்ற குடும்பப் பெயருள்ளவர்களுக்கு இன்று அமெரிக்காவில் ஒரு குலச் சங்கமே இருக்கிறது. நாம் தட்டில் போடும் கறிக்கும் அதற்கும் உறவில்லை.

ஸ்காட்லாந்தில் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன் கோயில் ஏடுகள்தான். அதாவது தேவாலயத்து எழுத்தர் எழுதியதே ஆதாரம். பெயர் கொடுக்க வந்தவருக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியது சரியா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள் மூன்று எழுத்துக்கூட்டில் பதிவாகியிருப்பது அங்கே சர்வ சாதாரணம். தோட்டத்துக் கிராணி செக்ரோலில் எழுதிய பெயரையே பிறகு பிறப்புப் பத்திரத்திலும் அடையாளக் கார்டிலும் சுமந்து வந்தவர்கள் நம் வீடுகளில் உண்டு. என் தாத்தாவும் அவர் தம்பியும் தங்கள் தகப்பனார் பெயரை வேறு வேறு ஆங்கில எழுத்தில்தான் வைத்திருந்தார்கள். நிலப் பத்திர விவகாரம் ஒன்றில், இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டியிருந்ததை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

எழுத்து இல்லாமல் போனதாலும் பெயர் மாறியிருக்கிறது. பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது. பார்க்க வால் நீண்ட 3 போல இருக்கும்; ஒலி யகரத்துக்கும் ஙகரத்துக்கும் பக்கத்தில் வரும். அச்சு வந்தபோது அச்சுக்கோப்பவரிடம் அந்த எழுத்து இல்லை. உருவத்தில் நெருங்கிய இசட்டைப் போட்டுவிட்டார்கள். அதனால் இசட் போட்டு எழுதும் 'மென்சீஸ்' என்ற பெயரைப் பழைய ஸ்காட்லாந்துக்காரர்கள் 'மிங்கிஸ்' என்றுதான் சொல்வார்கள். 'டால்சீல்' என்று எழுதியிருப்பதை 'டீயெல்' என்பார்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸுக்கு 'மிங்' என்று பட்டப்பெயர் வந்தது இந்த உச்சரிப்பால்தான். மக்கென்சியில் உள்ள இசட்டும் அப்படி நுழைந்ததுதான்; ஆனால் அங்கே எழுத்து வென்று, ஒலி தோற்றுவிட்டது. இன்று எல்லாரும் இசட் போட்டே சொல்கிறார்கள். நம் ழகரம் ஆங்கிலத்தில் எல்லாகவும் இசட்-எச்சாகவும் பிரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது இது புரியாமல் போகாது.

அரச குடும்பமும் இதற்கு விலக்கல்ல. அரண்மனை மேலாளர் என்ற பதவிப் பெயரிலிருந்து வந்த 'ஸ்டுவர்ட்' முதலில் இ-டபிள்யூ போட்டு எழுதப்பட்டது. அரசி மேரி பிரான்சில் வளர்ந்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு டபிள்யூ பழக்கமில்லை. யூ போட்டு எழுதினார்கள். அதுவே அரச வம்சத்தின் பெயராக வரலாற்றுப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

குலம் என்றால் இரத்தமா?

'கிளான்' என்று ஆங்கிலத்தில் சொல்வது கேலிக் மொழியில் 'பிள்ளைகள்' என்று பொருள்படும் சொல். டோனல்ட் குலம் என்றால் டோனல்டின் பிள்ளைகள். பெயரளவில் எல்லாரும் ஒரே மூதாதையின் வாரிசுகள். நடைமுறையில் அப்படி இல்லை. குலத்தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர், பாதுகாப்புத் தேடி வந்தவர், போரில் அவருக்குத் துணை நின்றவர் எனப் பலரும் அவர் பெயரைச் சூடிக்கொண்டார்கள். ஃபிரேசர் குலத்தில் 'ஒரு மூட்டை மாவு ஃபிரேசர்' என்று ஒரு பழைய கேலி உண்டு. ஆள்பலம் சேர்க்க விரும்பிய தலைவர், தன் பெயரை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஓட்ஸ் மாவு கொடுத்தாராம். அப்படி மாவுக்காக ஃபிரேசர் ஆனவர்களின் பரம்பரையும் இன்று கில்ட் கட்டிக்கொண்டு பெருமையாகத்தான் நிற்கும். நிற்கட்டுமே.

ஃபிரேசர் என்றதும் நம் ஃபிரேசர் மலை. அங்கே ஈயச் சுரங்கம் நடத்திய லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெயரால் வழங்குவது அது. ஃபிரேசர்கள் ஆதியில் நார்மன் பிரெஞ்சு வழியினர், கேலிக்காரர்கள் அல்லர். எஸ் போட்டும் இசட் போட்டும் எழுதுவார்கள். 'ஃபிரிசெல்' என்ற வடிவமும் உண்டு. பிரெஞ்சில் ஸ்டிராபெரிச் செடிக்கு இந்தப் பெயரின் சாயலில் ஒரு சொல் இருப்பதால் இவர்களின் மரபுச் சின்னத்தில் ஸ்டிராபெரிப் பூ இருக்கிறது. நம் ஊரிலோ ஸ்டிராபெரி விளைவது கேமரன் மலையில்! 1885இல் அங்கே நில ஆய்வுக்குப் போன வில்லியம் கேமரனின் குடும்பப் பெயருக்குக் கேலிக் மொழியில் 'வளைந்த மூக்கு' என்று பொருள் சொல்வார்கள். கேம்பெல் என்றால் 'கோணல் வாய்'. மக்லியோட் குலத்தின் மூதாதை லியோட். அந்த நார்ஸ் மொழிப் பெயருக்கு 'அழகில்லாதவன்' என்று பொருள். யாரோ ஒரு முன்னோரின் பட்டப்பெயர் குலப்பெயராகிவிட்டது. பட்டப்பெயர் இல்லாமல் ஆள் அடையாளம் சொல்ல முடியாத லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் மக்லியோடாக இருக்கும் லூயிஸ் தீவில் இன்றும் பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும்.

ஒரு குலத்துக்குள் அடங்கும் வேறு பெயர்களை 'செப்ட்' என்பார்கள். சார்புப் பெயர் என்று சொல்லலாம். லோவட் ஃபிரேசர்களின் தலைவருக்குக் கேலிக்கில் 'சைமன் மகன்' என்ற பட்டம். அதனால் சிம், சைம், சிம்சன் போன்ற பெயர்கள் ஃபிரேசர் குலத்தின் சார்புப் பெயர்ப் பட்டியலில் இடம்பெறுகின்றன. 1910இல் மலாக்காவில் சைம் டார்பியைத் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லியம் சைம் ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் பட்டியலின்படி பார்த்தால், ஃபிரேசர் குலத்தார் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆனால் இந்தப் பட்டியல்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல 19ஆம் நூற்றாண்டில் தயாரானவை. துணிக்கடைக்காரருக்கு வாடிக்கையாளர் கூட வேண்டும் என்ற ஆசையும் அவற்றில் கலந்திருக்கிறது. சைம் என்ற பெயர் மலைநாட்டுக்கு வெளியே, எந்தக் குலத்தோடும் தொடர்பில்லாமல், ஏதோ ஒரு சைமனின் பிள்ளைக்கும் வந்திருக்கலாம்.

மரபணுச் சோதனை வந்த பிறகு இது தெளிவாகத் தெரிகிறது. டோனல்ட் குலத் தலைவர்கள் 1164இல் இறந்த சோமர்லெட் என்ற தலைவனின் ஆண்வழி வாரிசுகள். இன்றைய தலைவர்களிடம் அந்த ஆண்வழி அடையாளம் ஒத்துப்போகிறது. அது நார்வேப் பக்கத்து வழி என்றும் தெரிந்தது. அதே குடும்பப் பெயருள்ள பலரிடம் அது இல்லை. எழுத்துக்கூட்டு வேறாக இருந்தும் இரத்தம் ஒன்றாக இருக்கிறது. எழுத்துக்கூட்டு ஒன்றாக இருந்தும் இரத்தம் வேறாக இருக்கிறது.

பெயரே குற்றமான காலம்

எல்லாக் குலங்களுக்கும் பெயர் மாறிய கதை உண்டு. ஆனால் மக்கிரிகர் குலத்துக்கு நடந்தது வேறு. 1603 பிப்ரவரியில் லோமண்ட் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள கிளென் ஃபுரூயின் பள்ளத்தாக்கில் மக்கிரிகர்களும் கஹூன்களும் மோதினார்கள். கஹூன் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே ஒரு கியூவும் எல்லும் ஒலிக்காமல் உட்கார்ந்திருக்கும், அது தனிக்கதை. கஹூன் பக்கம் பெரும் உயிர்ச்சேதம். ஆறாம் ஜேம்ஸ் மன்னர் இங்கிலாந்தின் முடியையும் ஏற்க இலண்டன் புறப்படும் தறுவாயில், ஏப்ரல் 3ஆம் தேதி, அரசாலோசனை மன்றம் ஒரு சட்டம் போட்டது. மக்கிரிகர் என்ற பெயர் இனி இல்லை. அந்தப் பெயருள்ளவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் மரண தண்டனை. மறு ஆண்டு ஜனவரியில் அவர்களின் தலைவர் அலஸ்டர் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

தொடர்ந்து வந்த ஆணைகள் இன்னும் இறுக்கின. நான்கு பேருக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது. சாப்பாட்டுக்கு இறைச்சி நறுக்க, முனை இல்லாத கத்தி ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். உயிர் பிழைக்க வேண்டுமே! கிராண்ட், டிரமண்ட், மர்ரி, கேம்பெல், ஸ்டுவர்ட், கிரகாம் என்று அண்டைக் குலங்களின் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். கிரெகர், கிரியர், கிரெகரி என்று பெயரை வெட்டிச் சுருக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1661இல் இரண்டாம் சார்லஸ் தடையை நீக்கினார். 1693இல் மறுபடி தடை. நாடறிந்த ராப் ராய் மக்கிரிகர் தாயாரின் குடும்பப் பெயரான கேம்பெல்லைப் போட்டுக்கொண்டுதான் தன் பிற்காலத்தைக் கழித்தார். 1774இல்தான் தடை முழுதாக நீங்கியது. முதல் சட்டம் வந்து 171 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அத்தனை காலம் கழித்து யார் மக்கிரிகர், யார் உண்மையான கிராண்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்குள் சொல்லி வந்த கதைதான் சாட்சி. தடை நீங்கியபின், மர்ரி என்ற பெயரோடு வாழ்ந்த இராணுவ அதிகாரி ஒருவரைத் தங்கள் தலைவர் என்று 826 பேர் கையெழுத்திட்டு ஏற்றார்கள். அவர் மகன் ஈவன் 1822இல் மக்கிரிகர் என்ற பெயரை முறைப்படி மீட்டுக்கொண்டார். அதே ஆண்டு நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, ஸ்காட்லாந்தின் மணிமுடிச் சின்னங்களுக்குக் காவலாக ஊர்வலத்தில் நடந்தவர்கள் மக்கிரிகர்கள். பெயரைச் சொன்னாலே தலை போகும் என்றிருந்த குலத்தின் கையில் மணிமுடிக் காவல்! மக்கிரிகர் குலச் சங்கம் தொடங்கியதும் அதே 1822இல்தான். ஏழைக் குலத்தாருக்கு உதவுவதும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் அதன் முதல் நோக்கங்கள். வேறு பெயரில் வாழ்ந்த குடும்பங்களை வரவேற்பது இன்றுவரை அந்தச் சங்கத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று.

சங்கங்கள் பிறந்த காரணம்

உலகின் மிகப் பழைய குலச் சங்கம் தாங்களே என்று சொல்லிக்கொள்வது கிளாஸ்கோவின் புக்கானன் சங்கம். 1725இல் தொடங்கியது. விழா நடத்தவோ கில்ட் கட்டவோ தொடங்கிய சங்கம் அல்ல. நகரத்தில் நொடித்துப்போன புக்கானன்களுக்கு உதவவும், பையன்களைத் தொழில் பழக அனுப்பவும் பணம் போட்டுச் சேர்ந்த சங்கம். பினாங்குக் கூ கொங்சி போன்ற சீனர் குலச் சங்கங்களைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். தான், சென், சான் மூன்றும் ஒரே சீன எழுத்தின் மூன்று கிளைமொழி உச்சரிப்புகள் என்பதும் நாம் அறிந்ததுதானே.

1746 ஏப்ரல் 16இல் கல்லோடன் போர்க்களத்தில் மலைநாட்டுப் படை நசுக்கப்பட்டது. குலத்தலைவர்கள் தங்கள் மக்களுக்குத் தாங்களே நீதி வழங்கும் உரிமையைச் சட்டம் பறித்தது. ஆண்கள் மலைநாட்டு உடை உடுத்தத் தடை வந்து, 1782 வரை நீடித்தது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. ஆட்டுப் பண்ணை வைத்தால் வருமானம் அதிகம் என்று கண்ட நிலச்சுவான்தார்கள் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த நிலச்சுவான்தார்களில் குலத்தலைவர்களும் இருந்தார்கள். 'பிள்ளைகள்' என்று பெயர் வைத்த குலத்தைத் தகப்பனே வீதியில் விட்ட கதை. கப்பலேறிக் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் போக, பிழைப்புக்குக் கிளாஸ்கோவுக்கு இறங்கி வந்தவர்கள் பலர். மக்கேய் சங்கம் 1888, டோனல்ட் சங்கம் 1889, மக்லியோட் சங்கம் 1891, மக்லீன் சங்கம் 1892 என்று வரிசையாகக் குலச் சங்கங்கள் எழுந்தது இந்தப் பின்னணியில்தான். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த நம் குடும்பங்கள், பழைய தோட்டத்தின் பெயரால் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மனநிலை புரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த இயக்கம் கடல் கடந்தது. இதில் ஒருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மக்லியோட் குலத்தின் 28ஆவது தலைவர் டேம் ஃபுளோரா மக்லியோட், பெண். 1878இல் பிறந்து 1976இல் மறைந்தவர். முதுமையிலும் நாடு நாடாகப் பயணம் செய்து மக்லியோட் சங்கங்களைத் தொடங்கிவைத்தார். 1956இல் ஸ்கை தீவில் உள்ள டன்வெகன் கோட்டையில் முதல் மக்லியோட் குல மாநாடு கூடியது. எழுத்துக்கூட்டு எதுவானாலும் வரலாம் என்பதே அழைப்பு. உச்சரிப்பு 'மக்ளவுட்' என்பதால் அமெரிக்காவில் சில குடும்பங்கள் ஆங்கிலத்தில் மேகத்தைக் குறிக்கும் சொல்லையே போட்டு எழுதுகின்றன. அவர்களும் வந்தால் மக்லியோட்தான்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் பெயர் விஷயத்தில் கண்டிப்பு உண்டு. யார் குலத்தலைவர் என்று அங்கீகரிப்பது எடின்பரோவில் உள்ள லார்ட் லயன் நீதிமன்றம். மரபுச் சின்னங்களுக்கான அதிகார மன்றம் அது. இரண்டு குடும்பப் பெயர்களைக் கோடு போட்டு இணைத்து வைத்திருப்பவரை அந்த மன்றம் குலத்தலைவராக ஏற்பதில்லை. குலப்பெயர் ஒன்றே இருக்க வேண்டும். உறுப்பினர் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், தலைவருக்கு அந்தச் சலுகை இல்லை. புக்கானன் குலத்துக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் தலைவரே இல்லாமல் இருந்து, 2018இல்தான் ஒருவர் அங்கீகரிக்கப்பட்டார். அவரும் பழைய இரட்டைப் பெயரை விட்டுவிட்டுப் புக்கானன் ஆன பிறகே.

குலத்துக்கு ஒரு கட்டம் போட்ட துணி என்ற வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. டார்டன் துணி பழையதுதான். ஆனால் இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்று பிரித்து வைத்தது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், 1822 அரச வருகைக்குப் பிறகு சூடுபிடித்த வியாபாரம். 1842இல் பழைய சுவடி என்று சொல்லி வெளியிட்ட டார்டன் நூல் ஒன்று போலி என்று பின்னர் தெரிந்தது. அதிலிருந்து எடுத்த கட்டங்கள் சில இன்றும் குல உடையாக வழக்கில் இருக்கின்றன.

தேடுபவர்களுக்கு

ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்றைத் தேட நேர்ந்தால் நினைவில் வைக்க வேண்டியவை சில. வீட்டுத் தேடலுக்கோ பள்ளி ஆய்வுக்கோ இது உதவும். அரசாங்க ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் எழுத்து மாற்றங்களையும் சேர்த்துத் தேடும் வசதி இருக்கிறது. 'மக்' உள்ள பெயரை 'மக்' இல்லாமலும் ஒருமுறை தேட வேண்டும். கே, சி, கியூ மூன்றும் ஒன்றுக்கொன்று மாறி வரும். ஜார்ஜ் பிளாக் என்பவர் நியூயார்க் பொது நூலகத்தில் பணிபுரிந்தபடி திரட்டி, 1946இல் வெளியான 'ஸ்காட்லாந்தின் குடும்பப் பெயர்கள்' என்ற அகராதி இன்றும் இத்துறையில் முதலில் புரட்டப்படும் நூல். ஒவ்வொரு பெயருக்கும் எந்த ஆண்டு ஏட்டில் எப்படி எழுதப்பட்டது என்று அவர் வரிசையாகக் கொடுத்திருப்பார்.

பெண்களைத் தேடும்போது ஸ்காட்லாந்து ஏடுகள் இங்கிலாந்து ஏடுகளைவிட மிக உதவியாக இருக்கும். திருமணத்துக்குப் பிறகும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் சட்டப்படி அவளை விட்டுப் போவதில்லை. கல்லறைக் கல்லிலும் பெரும்பாலும் அந்தப் பெயரே இருக்கும். 1855க்குப் பிந்திய இறப்புப் பதிவில் இறந்தவருடைய தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். அதாவது ஒரு தாளில் இரண்டு குடும்பங்கள்.

எழுத்துக்கூட்டு முற்றிலும் கைவிட்டால் முதற்பெயர்களைப் பாருங்கள். மூத்த மகனுக்குத் தந்தையின் தகப்பனார் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தகப்பனார் பெயர், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்ற பாட்டியின் பெயர் என்று பல குடும்பங்களில் வழக்கம் இருந்தது. தாத்தா பெயரைத் தாங்குபவன் என்பதால் நாமும் 'பெயரன்' என்றோம். அதுவே தேய்ந்து 'பேரன்' ஆனது. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெயரை ஐந்து விதமாக எழுதிய ஐந்து எழுத்தர்களையும் கடந்து, ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.